கன்சோல் மாறினால் ரிவியும் மாற வேண்டுமா?

நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்தவரின் சூட்கேசுக்குள், கோடாலித் தைலத்துக்கும் சொக்லேட்டுக்கும் நடுவே, தடித்த துவாய் ஒன்றில் சுற்றியபடி, ரிவியில் செருகி விளையாடும் கன்சோலான பிளேஸ்டேஷன் 5 ஒன்று கொக்குவிலுக்கு வந்து சேர்ந்தது. வந்தது என் அக்காவின் மகனுக்கு. கொண்டுவந்தவர் அவனுடைய சித்தப்பா. இரண்டு கிழமை கழித்து மருமகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, எங்கள் ரிவி சரிவராது. இதில் 120 வரவில்லை. புதிது வாங்க வேண்டும் என்று அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்." பின்னால் அக்காவின் குரல் கேட்டது: "வாங்கி ஏழு வருடம்தானே ஆகிறது! முந்தைய ரிவி பதினெட்டு வருடம் ஓடியது!"

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அக்காவுக்கு ரிவி என்பது தையல் இயந்திரத்தைப் போலப் பழுதானால் மாற்றுகிற பொருள். மருமகனின் கணக்கு வேறு. கன்சோல் வைத்திருப்பவர்களுக்கு ரிவி பழுதாகாமலேயே பழசாகிவிடுகிறது. நேற்றுவரை நன்றாக ஓடிய பெட்டிக்கு இன்று வந்த கன்சோலின் பாஷை புரிவதில்லை. இது எத்தனை ஆண்டுக்கு ஒரு தடவை நடக்கிறது, ஏன் நடக்கிறது, எந்தத் தடவை காசைச் செலவழிப்பது சரி என்பதை, இந்தச் சொற்களை முன்பின் கேட்டிராத ஒருவருக்குச் சொல்வதுபோல இங்கே சொல்கிறேன். அக்காவுக்குச் சொன்னதும் இதைத்தான்.

முதலில் அந்தப் பதினெட்டு வருடம். ரூபவாஹினி 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்த ஆண்டில் வாங்கிய கலர் ரிவி ஒன்றில், படக்குழாய் மங்காமல் இருந்திருந்தால், 2005இன் இரவுச் செய்தியையும் குறையில்லாமல் பார்த்திருக்கலாம். இடையில் எதுவும் மாறவில்லை. அதே ஒளிபரப்பு முறை, திரையில் அதே 576 கிடைக்கோடுகள், செக்கனுக்கு அதே 50 துடிப்புகள். 1990களின் முற்பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இருக்கவில்லை; ரிவிகள் மாதக்கணக்கில் துணி போர்த்திக் கிடந்தன. யாரோ ஒருவருடைய முற்றத்தில் ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்த இரவுகளில் மட்டும் ஒன்று விழித்துக்கொள்ளும். அப்படி நெடுநாள் தூங்கி எழுந்த பெட்டிகூட உலகத்தை விட்டுப் பின்தங்கியிருக்கவில்லை.

கன்சோல்களும் அந்த ஒழுங்குக்குள்ளேயே இருந்தன. முதல் பிளேஸ்டேஷன் 1994இல் வந்தது, இரண்டாவது 2000இல். இரண்டையும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்ற மூன்று பிளக்குகளால், அவற்றுக்குத் துளை உள்ள எந்த ரிவியிலும் செருகிவிடலாம். 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து வந்த சாமான்களோடு பிளேஸ்டேஷன் 2உம் இங்கே வந்தது. மணிக்கணக்கில் காசு வாங்கி விளையாடவிட்ட கடைகளில் நான் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் குழாய் ரிவிகள்தாம். 'இந்த ரிவி போதுமா' என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. 'இன்னும் எத்தனை நிமிடம்' என்பதுதான் கேள்வி.

ரிவி போதுமா என்ற கேள்வி 2005இலும் 2006இலும் பிறந்தது. எக்ஸ்பொக்ஸ் 360உம் அதற்கு அடுத்த ஆண்டு பிளேஸ்டேஷன் 3உம் உயர்தெளிவுப் படத்தை அனுப்பத் தொடங்கின. பழைய ரிவியில் செருகினாலும் படம் வந்தது. எழுத்தைத்தான் வாசிக்க முடியவில்லை. ஆட்டத்தைச் செய்தவர்கள் பெரிய, தெளிவான திரையை மனத்தில் வைத்து எழுத்துகளைப் பொடியாக அமைத்திருந்தார்கள். குழாய் ரிவியில் அவை எறும்புச் சாரியாகத் தெரிந்தன. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஆட்டம் சொல்கிறது, ஆனால் என்ன சொல்கிறது என்று தெரியவில்லை! நல்ல நிலையில் இருந்த ரிவியைக் கன்சோல் ஒன்று கிழடாக்கியதை நான் முதலில் கண்டது அப்போதுதான்.

அடுத்த தடவை 2016. ஓகஸ்டில் எக்ஸ்பொக்ஸ் ஒன் எஸ், நவம்பரில் பிளேஸ்டேஷன் 4 புரோ. இவற்றோடு 4கே, எச்டிஆர் என்ற இரண்டு சொற்கள் வந்தன. மூன்றாவது தடவை 2020 நவம்பர்: பிளேஸ்டேஷன் 5உம் எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் இரட்டையரும் 120 ஹெர்ட்ஸ், விஆர்ஆர் என்பவற்றைக் கேட்டன. மருமகன் கேட்டதும் இதைத்தான். இந்த நான்கு சொற்களின் பொருளும் கீழே வரும்.

ஆண்டுகளை அடுக்கிப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 2 வந்தது 2000. மூன்று, 2006. நான்கு, 2013. ஐந்து, 2020. இடைவெளி ஆறு, ஏழு, ஏழு. நம் வீடுகளில் ஒரு தட்டை ரிவி தொந்தரவில்லாமல் ஓடும் காலமும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆகவே என் விடை, ஒரு கன்சோல் தலைமுறைக்கு ஒரு ரிவி. அதற்கு மேல் மாற்றுபவர்கள் ஆசைக்காக மாற்றுகிறார்கள். ஆசையில் பிழையில்லை, அதற்குத் தேவை என்று பெயர் சூட்டி அக்காமாரிடம் காசு கேட்பதுதான் பிழை. அதற்குக் குறைவாக மாற்றுபவர்களும் இருக்கிறார்கள்: திரை கறுத்தால்தான் கடைக்குப் போவார்கள். அவர்களுக்கும் ஆட்டம் ஓடும். 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4 ரிவியிடம் புதிதாக எதையுமே கேட்கவில்லை. 2017இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் ரிவியில் 1080பி என்ற முன்னைய உயர்தெளிவு அளவுக்கு மேல் போகவே போகாது. அதை வைத்திருப்பவர் 4கே ரிவி வாங்கினால் அது வேறு யாருக்கோ வாங்கியது.

பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பவை

கஸ்தூரியார் வீதியில் ஒரு மின்பொருட் கடைக்குள் நுழைந்தால் ரிவிப் பெட்டி ஒவ்வொன்றின் மேலும் பத்துப் பதினைந்து முத்திரைகள் இருக்கும். கன்சோலுக்குப் பொருட்படுத்த வேண்டியவை நான்கே நான்கு.

4கே என்பது புள்ளிகளின் எண்ணிக்கை. முன்னைய 1080பி ரிவியில் 1920க்கு 1080, அதாவது ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள். 4கேயில் 3840க்கு 2160, ஏறத்தாழ 83 இலட்சம். நான்கு மடங்கு. இந்த நான்கு மடங்கும் உங்கள் கண்ணுக்கு வந்து சேர்கிறதா என்பதைத் தீர்மானிப்பது ரிவி அல்ல, கதிரை. குறையில்லாத கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவான நுணுக்கத்தைப் பிரித்தறியும். அதை வைத்துக் கணக்கிட்டால், 43 அங்குல ரிவியிலிருந்து ஐந்தரை அடிக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவருக்கு 1080பியும் 4கேயும் ஒன்றுதான். 55 அங்குலத்துக்கு அந்த எல்லை ஏழு அடி, 65 அங்குலத்துக்கு எட்டரை அடி. நமது வீட்டு ஹோல்களை நினைத்துக்கொள்ளுங்கள். ரிவி ஒரு சுவரோடு, செற்றி எதிர்ச் சுவரோடு, நடுவில் விருந்தினர் நடந்துபோக வெளி. அக்கா வீட்டில் நாடாவால் அளந்தேன்: பதினொரு அடி. 43 அங்குல 4கே ரிவி ஒன்று ஏழு வருடமாக அந்த வீட்டில் 1080பி வேலை பார்த்திருக்கிறது.

எச்டிஆர் வேறு விடயம்; எத்தனை அடியில் இருந்தாலும் தெரிவது. ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்கு இதை விளக்குவது எளிது. சுடரைப் பார்த்தால் கண் கூசும். அதே கணத்தில் விளக்கின் பின்னால் சுவரில் ஓடும் பல்லியின் நிழலும் தெரியும். கண்ணுக்கு அந்தப் பரப்பு உண்டு. பழைய ரிவிக்கு இல்லை. சுடரைக் காட்டினால் சுவர் கறுத்துப்போகும், சுவரைக் காட்டினால் சுடர் வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும். இரண்டையும் ஒன்றாகக் காட்டும் முயற்சிதான் எச்டிஆர். ஆட்டத்தில் குகைக்குள் நின்று வாசலைப் பார்க்கும் காட்சி வந்தால் வித்தியாசம் உடனே பிடிபடும்.

வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான். எச்டிஆர் சமிக்ஞையை ஏற்பது ஒன்று, அதைக் காட்டுவது இன்னொன்று. மலிவான ரிவிகள் ஏற்கும். ஆனால் அவற்றின் திரை ஏறத்தாழ 300 நிட் (திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு) ஒளியோடு நின்றுவிடும். பின்விளக்கை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைக்கும் வசதியும் இருக்காது. எச்டிஆர் எச்டிஆராகத் தெரிய 600 நிட்டுக்கு மேலாவது வேண்டும், ஆயிரத்தை எட்டினால் நல்லது. ஓஎல்இடி திரை இந்தக் கணக்குக்கு ஓரளவு விலக்கு: ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால் இருட்டு உண்மையான இருட்டாக இருக்கும். மலிவு ரிவியில் எச்டிஆரைப் போட்டால் படம் முன்னிலும் மங்கித் தெரிவதுண்டு. 'ரிவி பழுது' என்று அதைத் திருப்பிக் கொடுக்கப் போனவரை எனக்குத் தெரியும். பழுதில்லை. அந்த முத்திரைக்கு உள்ள பெறுமதி அவ்வளவுதான்.

மூன்றாவது, 120 ஹெர்ட்ஸ். திரை ஒரு செக்கனில் எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது ஹெர்ட்ஸ் கணக்கு. 60 என்றால் 16.7 மில்லிசெக்கனுக்கு ஒரு படம், 120 என்றால் 8.3 மில்லிசெக்கனுக்கு ஒன்று. ஓட்டப்பந்தயம், துப்பாக்கிச் சண்டை போன்ற விரைவான ஆட்டங்களில் இது கண்ணைவிடக் கையில் தெரியும். பொத்தானை அழுத்துவதற்கும் நடப்பதற்கும் இடையில் உள்ள வெற்றிடம் சுருங்கும். ஆனால் கன்சோல் ஆட்டங்களில் பெரும்பாலானவை இன்றும் 30 அல்லது 60 படங்களில்தான் ஓடுகின்றன. 120ஐத் தொடுபவை சில. அவையும் அதற்காகப் படத்தின் தெளிவைக் குறைத்துக்கொள்பவை.

பிறகு ஏன் 120 ஹெர்ட்ஸ் திரையைப் புகழ்கிறார்கள்? வெளியே அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு. கன்சோல் ஒன்றால் ஓர் அழகான காட்சியைச் செக்கனுக்கு 40 தடவை வரைய முடியும், 60 தடவை முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் 40ஐச் சீராகப் பங்கிட முடியாது. ஒரு படம் ஒரு துடிப்புக்கு நிற்கும், அடுத்தது இரண்டு துடிப்புக்கு நிற்கும், அசைவு நொண்டும். ஆகவே ஆட்டத்தை 30க்கு இறக்கிவிடுவார்கள். 120 ஹெர்ட்ஸ் திரையிலோ 40 மூன்று முறை போகும். ஒவ்வொரு படமும் மூன்று துடிப்பு, 25 மில்லிசெக்கன், சீராக. 30இன் 33.3க்கும் 60இன் 16.7க்கும் சரி நடுவில் இருப்பது இந்த 25தான். 2021 முதல் பல ஆட்டங்களில் இந்த 40 தெரிவு வந்திருக்கிறது. 120 ஹெர்ட்ஸ் ரிவி வாங்கியவர்கள் அதிகம் பயன்படுத்துவது 120ஐ அல்ல, 40ஐ என்று நான் நினைக்கிறேன்.

நான்காவது, விஆர்ஆர். இதற்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே இரண்டு வகை. இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் நேரம் வந்தால் வெளிக்கிட்டுவிடும். நீங்கள் கச்சான் சுருளோடு ஓடிவந்துகொண்டிருந்தாலும் நிற்காது. மினிபஸ் ஆள் வரும்வரை நிற்கும், நடத்துநர் 'பருத்தித்துறை, பருத்தித்துறை' என்று கூவிக்கொண்டே இருப்பார், ஆள் ஏறியதும் புறப்படும். சாதாரண ரிவி போக்குவரத்துச் சபை பஸ். 16.7 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை கட்டாயம் புறப்படும். ஆட்டம் கனமான கட்டத்தில் தடுமாறி அடுத்த படத்தை ஒரு கணம் பிந்தி முடித்தால், பஸ் பழைய படத்தையே மறுபடி ஏற்றிக்கொண்டு போய்விடும்; நமக்கு அது விக்கலாகத் தெரியும். சில வேளை புதிய படம் பாதி ஏறியிருக்கும்போதே பஸ் நகர்ந்துவிடும். மேல்பாதி ஒரு காட்சி, கீழ்ப்பாதி இன்னொரு காட்சி என்று திரை குறுக்கே கிழிந்து தெரிவது அப்படித்தான். விஆர்ஆர் உள்ள ரிவி மினிபஸ்: படம் தயாரானால் திரை புதுப்பிக்கும், அதுவரை பொறுக்கும். கன்சோல் தடுமாறுவதை அது நிறுத்தாது. தடுமாற்றம் நம் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளும்.

நான்கில் எது பெரிது என்று கேட்டால், நல்ல எச்டிஆர், அதன் பின் விஆர்ஆர், அதன் பின் 120, கடைசியில்தான் 4கே. கடையில் கேட்டால் இந்த வரிசை தலைகீழாக வரும். எளிதாகச் சொல்லி விற்கக்கூடியது புள்ளிக் கணக்குத்தானே.

வயரும் துளையும்

4கே படம் ஒன்று ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் குறைந்தது 24 பிட் தரவு. செக்கனுக்கு 60 படம் என்றால் ஏறத்தாழ 12 கிகாபிட், 120 படம் என்றால் ஏறத்தாழ 24. கன்சோலின் வயரை ரிவியில் செருகும் துளைக்கு எச்டிஎம்ஐ என்று பெயர். 2013இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 துளையின் கொள்ளளவு செக்கனுக்கு 18 கிகாபிட். ஆக 4கே 60 போகும், 4கே 120 போகாது. தோட்டத்துக்கு இறைப்பவர்களுக்குத் தெரியும்: இயந்திரம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் குழாயின் விட்டத்துக்கு மேல் தண்ணீர் வராது. 2017இல் அறிவித்த எச்டிஎம்ஐ 2.1 அந்தக் கொள்ளளவை 48 கிகாபிட்டாக்கியது.

ஆனால் 2.1 என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். அந்தத் தரத்தில் உள்ள அம்சங்கள் எல்லாம் விருப்பத் தெரிவுகள். 120உம் விஆர்ஆரும் இல்லாமலே 2.1 என்று எழுதலாம். '120' என்ற எண்ணும் அப்படித்தான். அசைவைச் செயற்கையாக மென்மையாக்கும் வசதிக்கு ஒரு பெயர் வைத்து அதன் பக்கத்தில் 120 என்று அச்சிடுவார்கள். திரையின் உண்மையான துடிப்பு 60ஆக இருக்கும். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "4கே 120 ஹெர்ட்ஸ் எந்தத் துளையில் வரும்?" அவர் துளையின் எண்ணைச் சொன்னால் ரிவியில் அது இருக்கிறது. "எல்லாவற்றிலும் வரும் தம்பி" என்று சிரித்தால் கைநூலை வாங்கிப் பாருங்கள். நான்கு துளை உள்ள பல ரிவிகளில் இரண்டில் மட்டுமே இது வரும், அந்த இரண்டில் ஒன்று சவுண்ட்பாருக்குரியதாகவும் இருக்கும். சரியான துளையில் செருகிய பிறகும், ரிவியின் அமைப்புக்குள் போய் அந்தத் துளைக்கு 'மேம்பட்ட' நிலையை இயக்காவிட்டால் பழைய வேகத்திலேயே ஓடும். கன்சோல் பெட்டிக்குள் வந்த வயர் கட்டை என்று ஒதுக்கிவிட்டு, பழைய டீவீடி இயந்திரத்தின் நீட்டு வயரைப் போட்டாலும் அதே கதி.

இன்னொரு விடயத்துக்குக் காசே வேண்டாம்: கேம் மோட். ரிவி தனக்கு வரும் படத்தை மெருகேற்றிய பிறகே காட்டுகிறது. அந்த மெருகுக்கு நேரம் எடுக்கிறது. சில ரிவிகளில் நூறு மில்லிசெக்கன் வரையும் போகும். நாடகம் பார்ப்பவருக்கு அது தெரியாது. விளையாடுபவருக்கோ தெரியும்: பாய் என்றால் ஆட்டத்து வீரன் கொஞ்சம் பொறுத்துப் பாய்வான். கேம் மோடை இயக்கினால் மெருகை விட்டுவிட்டு உடனே காட்டும். தாமதம் பத்து, இருபது மில்லிசெக்கனுக்கு இறங்கிவிடும். 60இலிருந்து 120க்குப் போவதால் மிஞ்சுவது ஒரு படத்துக்கு எட்டு மில்லிசெக்கன் சொச்சம். ரிமோட்டில் ஒரு பொத்தானால் அதைவிடப் பல மடங்கு மிஞ்சும்.

முந்தி ஓடியவர்கள்

நானும் ஒரு தடவை முந்தி ஓடினேன். 2010இல் பிளேஸ்டேஷன் 3க்கு முப்பரிமாண வசதி வந்தது. 2011இல் கண்ணாடி மாட்டிப் பார்க்கும் ரிவி ஒன்றைத் தவணை முறையில் வாங்கினேன். கண்ணாடி இரண்டு கிடைத்தது. அதை மாட்டி முழுமையாக விளையாடி முடித்த ஆட்டம் ஒன்று, தலையிடி கணக்கில்லாதது. 2017 வந்தபோது பெரிய நிறுவனங்கள் அத்தகைய ரிவி செய்வதையே நிறுத்திவிட்டன. கண்ணாடிகள் இன்னும் லாச்சிக்குள் கிடக்கின்றன.

தனித்து ஏமாறியவன் நான் மட்டுமல்ல என்பது ஓர் ஆறுதல். 2014இல் 4கே என்று ஓடிப்போய் வாங்கியவர்களின் ரிவியில் எச்டிஆர் பொதுவாக இருக்கவில்லை. எச்டிஆர்10 என்ற தரமே 2015இல்தான் வந்தது. ஆட்டங்களில் உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்த அம்சம் அவர்கள் பில் கட்டிய பின் பிறந்தது. 2020இலும் அதே கதை. பிளேஸ்டேஷன் 5 வெளிவந்த நாளில் அதில் விஆர்ஆர் இல்லை. 2022 ஏப்ரலில் மென்பொருள் வழியாகத்தான் வந்தது. கன்சோலோடு சேர்த்து விஆர்ஆர் ரிவி வாங்கியவர் பதினேழு மாதம் காத்திருந்தார். அந்தக் கன்சோலின் பெட்டியில் முதலில் 8கே என்றும் அச்சிட்டிருந்தார்கள். பிறகு வந்த பெட்டிகளில் அந்த எழுத்தைக் காணவில்லை. 8கே ரிவி வாங்கியவரைக் கண்டால் என் கண்ணாடிகளில் ஒன்றைக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

கன்சோல் வந்து இரண்டு ஆண்டாவது போன பின் ரிவி வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அதற்குள் கன்சோல் எதை உண்மையாகவே அனுப்புகிறது என்பது வெளித்துவிடும். அந்த அம்சம் விலை கூடிய ரிவியிலிருந்து நடுத்தர ரிவிக்கு இறங்கியும் இருக்கும். விதிவிலக்கு, விலை டொலரோடு ஓடும் நம் நாட்டு நிலைமை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பொறுத்திருந்தால் விலை இறங்கும் என்று நினைத்தவர்கள் அந்த ஆண்டு வாயடைத்து நின்றார்கள். அதற்கு எந்த விளக்கக் கட்டுரையாலும் வழி சொல்ல முடியாது.

வெளிநாட்டிலிருந்து ரிவியையே அனுப்பலாமா என்றும் கேட்கிறார்கள். கன்சோலை அனுப்பலாம், பிளேஸ்டேஷன் 5இன் மின்பகுதி 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். கனடா, அமெரிக்கா ரிவிகளில் சில 120 வோல்ட்டுக்கு மட்டும் உரியவை. இங்கே 230இல் செருகினால் வாங்கியவர் பார்ப்பது எச்டிஆர் அல்ல, புகை. பின்புறத் தகட்டை வாசியுங்கள். வோல்ட் சரியாக இருந்தாலும் அந்நாட்டு ஒளிபரப்பு முறை வேறு என்பதால் அன்ரெனாவில் நமது அலைவரிசைகள் வராது. இங்கே உத்தரவாதமும் இல்லை.

ஓஎல்இடி பற்றி ஒரு சொல். விளையாடுபவருக்கு அதைவிட நல்ல திரை கிடையாது. ஆனால் நமது வீட்டு ரிவி விளையாடுபவருக்கு மட்டும் உரியதல்ல. காலையில் பக்திப் பாடல், மதியம் நாடகம், இரவு செய்தி என்று ஒரே அலைவரிசை நாள்முழுவதும் ஓடும் வீட்டில், மூலையில் அசையாமல் நிற்கும் அந்த அலைவரிசையின் சின்னமும் கீழே ஓடும் செய்திப் பட்டையும் சில ஆண்டுகளில் ஓஎல்இடி திரையில் தழும்பாகப் பதியக்கூடும். ஹோலில் நல்ல பின்விளக்குத் திரை, தனி அறை இருந்தால் அங்கே ஓஎல்இடி என்பது என் எண்ணம். எது வாங்கினாலும் ஐப்பசி இடிமுழக்கத்துக்கு முன் பிளக்கையும் அன்ரெனா வயரையும் கழற்றிவிடுங்கள். மின்னலுக்கு 2.0, 2.1 என்ற பேதம் இல்லை.

கொக்குவிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். புதிது வாங்குவதற்கு முன், இருப்பதைக் கேட்டுப் பார்ப்பது முறை. பிளேஸ்டேஷன் 5இன் அமைப்புக்குள் திரைப் பகுதியில், ரிவி எதை ஏற்கிறது என்று கன்சோலே சொல்லும் பக்கம் ஒன்று இருக்கிறது. எக்ஸ்பொக்ஸில் அதே வேலையைச் சரிக்குறிகளோடு ஒரு பட்டியல் செய்யும். மருமகன் பக்கத்தில் இருந்து வாசித்தான்: 3840க்கு 2160, 60 ஹெர்ட்ஸ், எச்டிஆர் ஏற்கும், 120 இல்லை, விஆர்ஆர் இல்லை. அவன் சொன்னது உண்மைதான். "ஆனால் நீ விளையாடும் ஆட்டம் செக்கனுக்கு எத்தனை படம்?" என்று கேட்டேன். பார்த்தால் பந்தாட்டம், 60. மற்றது ஒரு காட்டுக்குள் அலையும் கதை, 30. இரண்டையும் இந்த ரிவி முழுதாகவே காட்டுகிறது.

கேம் மோட் அணைந்திருந்தது. போட்டேன். பந்தைத் தட்டிய மருமகன் ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தான், பிறகு பேசவில்லை. குசினியிலிருந்து பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து ரிவியிலிருந்து ஐந்தடியில் போட்டேன். புல்லின் நுனி புல்லின் நுனியாகத் தெரிந்தது. அந்த உற்சாகத்தில் ரிவியின் கடைக்காட்சி வர்ணத்தையும் மாற்றிச் சாந்தமான நிலைக்குக் கொண்டுவந்தேன். அதுதான் பிழையாகப் போனது. மாலை நாடகத்துக்கு வந்து உட்கார்ந்த எங்கள் அம்மா இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "என்ன, எல்லாருக்கும் செங்கமாரி வந்ததுபோல இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

நல்லவேளையாகப் பெரும்பாலான ரிவிகளைப் போல இதுவும் ஒவ்வொரு துளையின் அமைப்பையும் தனித்தனியே நினைவில் வைத்துக்கொள்கிறது. கேபிள் பெட்டி செருகியிருக்கும் முதலாம் துளையில் அம்மாவின் பளிச்சென்ற வர்ணம் திரும்பிவிட்டது. கன்சோல் இருக்கும் இரண்டாம் துளையில் கேம் மோடும் சாந்த வர்ணமும். புது ரிவி வாங்கவில்லை. 120 ஹெர்ட்ஸ் உள்ள 65 அங்குலம் என்ன விலை என்று மருமகன் மாதம் ஒரு தடவை கேட்டு எனக்குச் சொல்கிறான். பரீட்சை முடியட்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். எந்தப் பரீட்சை என்று சொல்லவில்லை.